1600க்குக் கீழ்: சேலத்தில் நான்கு நாள் சதுரங்கம்

கோடை விடுமுறையில் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த, 1600 ரேட்டிங்குக்குக் (ஆட்டத்திறனைக் காட்டும் புள்ளி) குறைந்தவர்களுக்கான ஃபிடே (உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு) சதுரங்கப் போட்டியில், 1550 ரேட்டிங்குடன் ஒன்பது சுற்றுகளையும் முழுமையாக ஆடினேன். நடத்திய விதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆட்டக்காரர்களை எந்தப் பக்கம் தள்ளும்படி விதிமுறைத் தாளை எழுதியிருந்தார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஆளுக்கு 60 நிமிடமும் நகர்வுக்கு 30 வினாடியும் தந்தது இந்த நிலை ஆட்டக்காரர்களுக்குப் போதுமான நேரம். யார் யாருடன் ஆடுவது என்ற பேரிங் பட்டியல் சொன்ன நேரத்துக்கு ஒட்டப்பட்டது. கைபேசிகளை வாயிலிலேயே வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். தொட்ட காயை ஆடவில்லை என்று ஒரு சிறுவனுக்கும் அவனுடன் ஆடிய பெரியவருக்கும் தகராறு எழுந்தபோது, நடுவர் இருவரையும் தனித்தனியே கேட்டு, பக்கத்துப் பலகையில் இருந்தவரையும் விசாரித்த பிறகே முடிவு சொன்னார். சிறுவன் என்பதற்காக அவன் பேச்சைத் தள்ளிவிடாதது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி நுழைவு வரம்புக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1400 ஆக உயர்த்தியபோது, 2000க்குக் கீழிருந்தவர்களுக்கு, 2000ஐ எட்ட எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தது. இன்றைய 1600 அன்றைய கணக்கில் ஏறக்குறைய 1333 மட்டுமே. எனவே இந்தப் போட்டியில் ரேட்டிங் உள்ள அத்தனை பேரும் 200 புள்ளி இடைவெளிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். 1630இல் உள்ள ஒருவர், வேறொரு போட்டியில் தமக்குச் சமமான நால்வரிடம் தோற்றால் 40 புள்ளி இழந்து, அடுத்த மாதப் பட்டியலில் வரம்புக்குள் வந்துவிடுவார். அப்படி யாராவது வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை; எவரையும் சந்தேகிக்க என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பரிசுத் தொகையின் பெரும்பகுதியை முதல் சில இடங்களில் குவித்துவிட்டு, அந்த மாதப் பட்டியலை மட்டும் தகுதியாகப் பார்ப்பது, நேர்மையாக ஆடி 1600ஐத் தாண்டியவரைத் தண்டிப்பதாகும். கடந்த ஓராண்டில் ஒருவர் தொட்ட உச்ச ரேட்டிங்கைக் கணக்கில் எடுத்தால் இந்த வழி அடைபடும்.

என்னைப் போன்ற பெரியவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. 1420 ரேட்டிங் உள்ள ஒரு பள்ளி மாணவியிடம் மூன்றாம் சுற்றில் தோற்றேன், எனக்கு 13.6 புள்ளி போயிற்று, ஓர் ஆட்டத்தால் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் கே மதிப்பு எனக்கு 20, அவருக்கு 40 என்பதால் அவருக்கு 27.2 புள்ளி கிடைத்தது. வேகமாக வளரும் பிள்ளைகளின் ரேட்டிங் அவர்களுடைய ஆட்டத்துக்குப் பின்னால் ஓடிவருவதால், இது ஃபிடேயின் நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆயினும் இரண்டு தோல்விக்குப் பிறகு மிச்ச ரேட்டிங்கைக் காப்பாற்றச் சிலர் போட்டியை விட்டே போய்விட்டார்கள். அவர்களோடு முன்பு ஆடியவர்களின் புக்ஹோல்ஸ் (சமப் புள்ளி பெற்றவர்களை வரிசைப்படுத்தப் பார்க்கும், எதிராளிகளின் புள்ளிகளின் கூட்டுத்தொகை) அதனால் பாதிக்கப்படும். இங்கே மிகக் குறைந்த எதிராளியின் புள்ளியை நீக்கிக் கணக்கிடும் முறையைத் தொடக்கத்திலேயே அறிவித்திருந்ததால் சேதம் குறைந்தது. அதற்கு அமைப்பாளர்களைப் பாராட்ட வேண்டும்.

கடைசிச் சுற்றில் முன்வரிசைப் பலகைகள் இரண்டில் பதினைந்து நகர்வுகூட ஆகாமல் டிரா பேசி முடித்தார்கள். விதிப்படி அது அவர்கள் உரிமை. பரிசு உறுதியாக இருக்கும்போது வேறு முடிவு எடுக்கும்படி நான் கேட்க முடியாது. ஆனால் குறிப்பிட்ட நகர்வுகளுக்கு முன் நடுவர் அனுமதியின்றி டிரா கூடாது என்று விதிக்க ஃபிடே விதிகளே அமைப்பாளர்களுக்கு இடம் தருகின்றன. அரைப்புள்ளி பின்தங்கி, அந்தப் பலகைகளின் முடிவை நம்பி மூன்று மணி நேரம் போராடியவர்களுக்கு அந்த ஒரு வரி தேவைப்பட்டது.

அடுத்த முறை உச்ச ரேட்டிங் கணக்கு, டிரா கட்டுப்பாடு ஆகிய இந்த இரண்டையும் விதிமுறைத் தாளில் சேர்த்தால் நுழைவுக் கட்டணத்தை மனமுவந்து கட்டுவேன். இப்போதும் பிள்ளைகளை அனுப்பத் தயங்க வேண்டாம். கடைசி நாள் மாலை, பரிசுக்கு எட்டாத ஒரு பின்வரிசைப் பலகையில் இரண்டு சிறுமிகள் யானை இறுதியாட்டத்தில் வினாடிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆட்டம் முடியும்வரை பரிசளிப்பைத் தொடங்காமல் எல்லோரையும் வெளியே நிறுத்தி வைத்திருந்தார் தலைமை நடுவர்.