கிண்ணம் வென்றவரை வைத்திருப்பதா, வழியனுப்புவதா?

2025 ஒக்டோபர் 18, சனிக்கிழமை, தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடை வாசலில் வீட்டாருக்காகக் காத்துநின்றபோது, முகாமையாளர் ஆஞ்ச் போஸ்டகொக்லுவை இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் உதைபந்தாட்டக் கழகம் நீக்கிய செய்தி தொலைபேசியில் வந்தது. சொந்த மைதானத்தில் செல்சியிடம் 3-0 என்று தோற்ற ஆட்டம் முடிந்து இருபது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. 39 நாள், எட்டு ஆட்டம், ஒரு வெற்றியும் இல்லை. 2024இலும் தீபாவளிக்கு மூன்று நாள் முன்னர், ஒக்டோபர் 28ஆம் திகதி, நான் ஆதரிக்கும் மன்செஸ்டர் யுனைட்டட் கழகம் தன் முகாமையாளர் எரிக் டென் ஹாக்கை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு தீபாவளிக்கும் இரண்டு முகாமையாளர் என்று நண்பர்கள் பகிடி பண்ணினாலும், இவ்விருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறொரு காரணம் உண்டு. இருவரும் பருவம் முழுதும் புள்ளிகளுக்காக ஆடும் லீக் ஆட்டங்களில் சறுக்கிய ஒரு பருவத்தின் முடிவில், மே மாதத்தில், கிண்ணம் ஒன்றை வென்றவர்கள். யுனைட்டட் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து டென் ஹாக்கை வைத்துக்கொண்டது. போஸ்டகொக்லு அப்போது பணியாற்றிய டொட்டன்ஹாம் கழகமோ, தன் கிண்ணத்தைப் பார்த்த பின்பும் அவரை அனுப்பிவிட்டது. ஒரே கேள்விக்கு வந்த இந்த இரண்டு விடைகளையே இங்கே ஒப்பிடுகிறேன்.

என்னைத் தூண்டியது ஃபொரஸ்ட் செய்தி மட்டுமன்று. கொட்டாஞ்சேனைப் பக்கத்து இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய அணி ஒன்றின் ஐவர் கொண்ட நிர்வாகக் குழுவில் நானும் ஒருவன். எங்கள் பயிற்றுநர் இந்த ஆண்டு தோற்றவர் வெளியேறும் விலகல் முறையிலான ஒரு தொடரில் எங்களுக்குக் கிண்ணம் வென்று தந்தார். லீக் முறையில் நடந்த தொடரிலோ கடைசிக்கு முந்திய இடத்தில் முடித்தோம். அவரை இன்னொரு பருவம் வைத்திருப்பதா என்று ஆகஸ்டில் கூடிப் பேசியபோது வாக்கு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. ஐந்தாவது வாக்கு என்னுடையது, அனுப்பலாம் என்றேன். "கப் எடுத்துத் தந்தவரை எப்படியண்ணா வேண்டாமெண்டு சொல்லுறது?" என்று கேட்ட பதினெட்டு வயதுப் பையனுக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. இது அவனுக்கான முழுப் பதில் என்றும் கொள்ளலாம்.

எல்லோரும் அறிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். கிண்ணம் வென்றவரை அனுப்பினால் ரசிகர் மனம் நோகும். ஒப்பந்தம் எஞ்சியிருந்தால் நட்டஈடு கொடுக்க வேண்டும். அடிக்கடி மாற்றினால் அணிக்கென்று ஒரு பாணி அமையாது. இவையெல்லாம் உண்மைதான், ஆனால் இரு பக்கத்துக்கும் பொதுவானவை.

டென் ஹாக்கின் கணக்கை முதலில் பார்ப்போம். 2022-23 பருவத்தில் 75 புள்ளிகளுடன் மூன்றாமிடம், கூடவே லீக் கிண்ணம். அடுத்த பருவத்தில் 60 புள்ளிகளுடன் எட்டாமிடம், 14 தோல்விகள், அடித்த கோல்களைவிட வாங்கியவை ஒன்று கூடுதல். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் தொடங்கிய நாள் முதல் அதுவரை யுனைட்டட் அவ்வளவு கீழே முடித்ததில்லை. ஆயினும் 2024 மே 25ஆம் திகதி, விலகல் முறைத் தொடரான எஃப்.ஏ. கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் மன்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றார்கள். வெசாக் முடிந்து இரண்டாம் நாள் மாலை அது. தெருவில் கூடுகள் இன்னும் எரிந்துகொண்டிருக்க, நாங்கள் வீட்டுக்குள் கோலடித்த கர்னாச்சோவுக்கும் மேனூவுக்கும் கூச்சலிட்டது நினைவிருக்கிறது. அன்றிரவு என்னிடம் வாக்குக் கேட்டிருந்தால், டென் ஹாக்குக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கொடுத்திருப்பேன். கழகம் ஒரு மாதத்துக்கு மேல் ஆராய்ந்து, வேறு பெயர்களையும் எடைபோட்டுப் பார்த்து, ஈற்றில் ஜூலை 4ஆம் திகதி அவருடைய ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்தது. அதன்பின் லீக்கில் ஒன்பது ஆட்டங்கள், 11 புள்ளிகள், 14ஆவது இடம். வெஸ்ட் ஹாமிடம் தோற்ற மறுநாள் நீக்கம்.

போஸ்டகொக்லுவின் கணக்கு இன்னும் விசித்திரமானது. 2023இல் வந்த புதிதில் முதல் பத்து லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லாமல் 26 புள்ளிகள். அந்தப் பருவம் 66 புள்ளிகளுடன் ஐந்தாமிடம். அடுத்த பருவம் 22 தோல்விகள், 38 புள்ளிகள், 17ஆவது இடம். இரண்டு பருவங்களின் 104 புள்ளிகளிலிருந்து அந்த முதல் 26ஐக் கழித்துவிட்டால், எஞ்சிய 66 ஆட்டங்களில் 78 புள்ளிகளே தேறும். கழகம் தன் அறிக்கையிலும் இதே எண்ணைத்தான் எடுத்துக்காட்டியது. மறுபுறம், 2025 மே 21ஆம் திகதி பில்பாவோவில், ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைத் தொடரான யூரோப்பா லீக்கின் கிண்ணம்: டொட்டன்ஹாமுக்கு 2008க்குப் பின் கிடைத்த முதல் கிண்ணம், ஐரோப்பிய அளவில் 1984க்குப் பின் முதலாவது, அதோடு முதல் நிலைத் தொடரான சாம்பியன்ஸ் லீக்கில் இடமும். தோற்றது எங்கள் யுனைட்டட். நமக்கு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் படுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். பதினாறு நாள் கழித்து, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், போஸ்டகொக்லு நீக்கப்பட்டார். இந்த வெற்றியின் உணர்ச்சியை வைத்து முடிவெடுக்க முடியாது என்ற பொருளில் கழகம் அறிக்கை விட்டபோது, நன்றி கெட்டவர்கள் என்று திட்டியவர்களில் நானும் இருந்தேன். இப்போது அந்தத் திட்டை மீளப் பெறுகிறேன்.

ஏனெனில் அவ்விரு இறுதியாட்டங்களையும் திரும்ப நினைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. 2023 நவம்பரில் செல்சிக்கு எதிராக இருவர் வெளியேற்றப்பட்டு ஒன்பது பேராகக் குறைந்த நிலையிலும், பின்கள வரிசையை நடுக்கோட்டில் நிறுத்தி 4-1 என்று தோற்றவர் போஸ்டகொக்லு. அதுவே தம் கொள்கை என்றவர். பில்பாவோவில் அவருடைய அணி வென்றதோ, ப்ரென்னன் ஜோன்சனின் ஒரு கோலை வைத்துக்கொண்டு, பந்தை எங்களிடமே விட்டுவிட்டு, தன் கோல் வாசலில் கூடாரமடித்து நின்றுதான். டென் ஹாக்கின் அணியும் சிட்டியை வென்றது, ஒதுங்கி நின்று பாய்ந்த ஆட்டத்தால். முதல் கோல் எதிரணியின் பின்களத் தவறால் வந்தது. இருவரும் தாங்கள் வழமையாக ஆடுவிக்காத ஆட்டத்தை ஒருநாள் ஆடுவித்து வென்றார்கள். அது திறமையே, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த பருவத்தின் 38 ஆட்டங்களை அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதற்கு அந்த ஒருநாள் ஆட்டம் சான்றாகாது.

எனினும், என் முடிவைத் தீர்மானித்தது இதுவுமன்று. தீர்மானித்தது கோடைகாலம். மே முதல் ஆகஸ்ட் வரை அந்த நாற்காலியில் யார் இருக்கிறாரோ, அவருடைய விருப்பத்துக்கே வீரர்கள் வாங்கப்படுகிறார்கள். அவருடைய பாணிக்கே பயிற்சி முகாம் நடக்கிறது. ஐயத்தோடு ஒருவரை வைத்திருக்கும் கழகம் அவருக்கு ஒரு வாய்ப்பு மட்டும் கொடுக்கவில்லை; காசோலைப் புத்தகத்தையும் கொடுக்கிறது. அந்தக் காசோலைக்கான விலையைக் கட்டுபவர் பின்னால் வருபவர்.

2024 கோடையில் யுனைட்டட் வாங்கியவர்களைப் பாருங்கள்: லெனி யோரோ, ஸர்க்ஸி, டி லிக்ட், மஸ்ராவி, உகார்ட்டே. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 200 மில்லியன் பவுண். இவர்களில் டி லிக்டும் மஸ்ராவியும் அயாக்ஸ் கழகத்தில் டென் ஹாக்கிடம் ஆடியவர்கள். அவர்களை வாங்கி இரண்டரை மாதத்தில் டென் ஹாக் இல்லை. அவருக்கும் உதவியாளர்களுக்கும் நட்டஈடாக 10 மில்லியனுக்கு மேல் போயிற்று. அடுத்த முகாமையாளர் ரூபன் அமொரிமை லிஸ்பனிலிருந்து பருவத்தின் நடுவில் எடுத்துவர இன்னொரு தொகை. அமொரிம் மூன்று பின்கள வீரரோடு ஆடுபவர். கையில் கிடைத்ததோ நால்வர் வரிசைக்கென்று சேர்த்த அணி. பருவம் முடிந்த பின் வரவே விரும்பியதாக அவரே அப்போது சொன்னார். லீக்கில் 27 ஆட்டங்களில் 27 புள்ளிகள் எடுத்தார். யுனைட்டட் 42 புள்ளிகளுடன் 15ஆவது இடத்தில் முடித்தது. டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது தவறென்று கழகத்தின் பங்கு உரிமையாளர் ஜிம் ரட்கிளிஃப் 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். எட்டு மாதம் முன்னர் அந்த ஞானம் வந்திருந்தால் எவ்வளவு மிச்சம்!

மறுவிற்பனையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முகாமையாளர் ஒருவரின் தனிப்பட்ட விருப்பத்துக்கு வாங்கிய வீரர், அவர் போன பின் சந்தையில் பாதி விலைக்கும் போகமாட்டார். 2022இல் 80 மில்லியனுக்கு மேல் கொடுத்து அயாக்ஸிலிருந்து கொண்டுவந்த அந்தோனியை 2025 செப்டெம்பரில் ரியல் பெட்டிஸுக்கு விற்றபோது கிடைத்தது ஏறத்தாழ 22 மில்லியன். டென் ஹாக் காலத்தில் வாங்கிய ஒனானா துருக்கிக்கும், ஹொய்லுண்ட் நாப்போலிக்கும் அப்போது இரவலாகப் போனார்கள். கழகத்தின் இளையோர் அணியில் வளர்ந்த கர்னாச்சோவோ செல்சிக்கு ஏறத்தாழ 40 மில்லியனுக்குப் போனார்.

டொட்டன்ஹாம் ஜூன் முதல் வாரத்திலேயே முடிவெடுத்ததால், ப்ரென்ட்ஃபோர்டிலிருந்து வந்த தோமஸ் ஃபிராங்குக்கு முழுக் கோடைகாலமும் கிடைத்தது. குடுஸ், பலின்யா, சாவி சிமொன்ஸ் எல்லோரும் அவர் நாற்காலியில் அமர்ந்த பின் வந்தவர்கள். 2025-26 பருவத்தின் முதல் எட்டு லீக் ஆட்டங்களில் 14 புள்ளிகள். சிட்டியின் மைதானத்தில் வென்றார்கள், சொந்த மைதானத்தில் போர்ன்மவுத்திடம் தோற்கவும் செய்தார்கள். எட்டு ஆட்டத்தை வைத்து ஃபிராங்கைப் புகழ்வது, பத்து ஆட்டத்தை வைத்து போஸ்டகொக்லுவைப் புகழ்ந்த அதே பிழை. அன்றியும் நான் டொட்டன்ஹாம் ரசிகன் அல்லன். அவர்களுடைய ஆட்டங்களில் எங்களோடு மோதியவற்றையும் பெரிய அணிகளோடு மோதிய சிலவற்றையும்தான் முழுமையாகப் பார்த்திருக்கிறேன். வான் டி வென், ரொமேரோ, விக்காரியோ என்று முக்கியமானவர்கள் காயத்தால் நீண்ட நாள் இல்லாதிருந்ததைப் போஸ்டகொக்லு பக்கத்து நியாயமாக டொட்டன்ஹாம் நண்பர்கள் சொல்கிறார்கள். அதை மறுக்கும் அளவுக்கு எனக்குப் பட்டறிவில்லை.

யுனைட்டட் பக்கத்திலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 2024 கோடையில் வாங்கியவர்கள் எல்லோரும் டென் ஹாக்கின் தெரிவுகள் என்று சொல்லிவிட முடியாது. உகார்ட்டே முன்னர் அமொரிமிடமே ஆடியவர். டி லிக்ட் 2025-26 பருவத் தொடக்கத்தில் மூவர் வரிசையின் நடுவில் நன்றாகவே நின்றார். இதை எழுதும் நான் சற்று உற்சாகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: தீபாவளிக்கு முந்திய இரவு, பலகார வேலையின் நடுவில், 2016 ஜனவரிக்குப் பின் முதல் தடவையாக லிவர்பூலை அவர்களுடைய அன்ஃபீல்ட் மைதானத்தில் வென்றோம். மக்வயர் தலையால் இடித்த கோலுக்கு என் அம்மா எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்க்காதது பெரிய விடயம். அந்த உற்சாகம் என் கணக்கை எங்கேயாவது வளைத்திருக்கலாம்.

இருவருடைய பிற்கதையும் கோடைகாலக் கணக்கைத்தான் சொல்கிறது. வீரர் சந்தை மூடி ஒரு வாரம் கழித்து, 2025 செப்டெம்பர் 9ஆம் திகதி, முந்திய முகாமையாளர் நூனோ விட்டுச்சென்ற ஃபொரஸ்ட் அணியைப் போஸ்டகொக்லு பொறுப்பேற்றார். ஒதுங்கி நின்று பாய்வதற்குப் பழகிய அணியை முன்னேறி நெருக்கி ஆடச் சொன்னார். பயிற்சி முகாமும் இல்லை, வாங்கிய வீரரும் இல்லை. டென் ஹாக்கோ ஜேர்மனியின் லெவர்குசன் கழகத்தில் முழுக் கோடைகாலத்தையும் வாங்கிக்கொண்டு, லீக்கில் இரண்டே ஆட்டங்களில் நீக்கப்பட்டார். அதுவும் சந்தை மூடும் நாளான செப்டெம்பர் முதலாம் திகதி. பின்னால் வருபவருக்கு ஒரு வீரரையும் தெரிந்தெடுக்க அவகாசமில்லாத நாள் அது. கோடைகாலத்தைக் கொடுத்துவிட்டு உடனே ஆளை எடுப்பதே எல்லாவற்றிலும் விலை கூடிய வழி.

எங்கள் அணிக்கு மில்லியன் இல்லை. மாதச் சந்தா, மைதானத்துக்கு மணித்தியாலக் கட்டணம், இரண்டு பந்து, ஒரு சோடி வலை. ஆனால் கணக்கு அதேதான். தம் பழைய அணியிலிருந்து நால்வரைப் பதிவு செய்ய வேண்டும் என்று பயிற்றுநர் கேட்டிருந்தார். அவர்களுடைய பதிவுக் கட்டணமும் சப்பாத்துச் செலவும் எங்கள் ஆண்டுச் சேமிப்பில் பாதிக்கு மேல். நடுவில் அவர் போனால் நால்வரும் போவார்கள். எங்கள் பையன்கள் நால்வர் அதற்குள் வேறு அணி தேடியிருப்பார்கள். அவரில் எனக்கு முழு நம்பிக்கை இருந்திருந்தால் அந்தக் காசைக் கொடுக்கச் சொல்லியிருப்பேன். அரை நம்பிக்கைதான் இருந்தது.

புதிய பயிற்றுநர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. மூன்று நட்பு ஆட்டங்களில் ஒன்று வெற்றி, இரண்டு தோல்வி; ஒன்று மழையால் பாதியில் நின்றது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய பயிற்றுநர் கடைசி ஆட்டத்துக்கு வந்து, எதிர்ப்பக்கக் கோட்டோரம் குடையோடு நின்று, முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்விட்டார். கிண்ணம் இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. கேட்டு வாங்கி வர எங்கள் ஐவரில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.