பிரண்ட் லோட் மெஷினும் அதன் கதவு ரப்பரும்

முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் பிரண்ட் லோட் வாஷிங் மெஷின் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். துவைப்பில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. சட்டைக் காலர் அழுக்கு போகிறது, தண்ணீர் டாப் லோடைவிடக் குறைவாகத்தான் பிடிக்கிறது, நிமிடத்துக்கு 1200 சுற்றில் பிழிந்து தருவதால் மழைக்காலத்திலும் துணி சீக்கிரம் காய்கிறது. ஆனால் போர் தண்ணீர் வரும் வீடு என்றால் கதவைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் அந்த ரப்பரைப் பற்றித் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

எங்கள் மெஷின் வாரண்டி முடிந்த பிறகு ஒழுக ஆரம்பித்தது. கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு ஸ்குருவைக்கூடக் கழற்றாமல், டிரம்மையே மாற்ற வேண்டும், புது மெஷின் விலையில் பாதி ஆகும் என்றார். டிரம்மின் பின்னால் தண்ணீரைத் தடுக்கும் சீல் போனால் பொதுவாகப் பின்பக்கம் துருக்கறை வழியும், பிழியும்போது பேரிங் கடகடவென்று கத்தும். இங்கே இரண்டும் இல்லை. அதை எடுத்துச் சொன்ன பிறகும் அதே பாட்டைப் பாடியதில்தான் எனக்குக் கோபம்.

எப்போது ஒழுகுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தண்ணீர் பிடிக்கும்போதே என்றால் இன்லெட் ஹோஸ் வாஷர், சோப்பு டிரே பக்கம் பாருங்கள். வெளியேற்றும்போது மட்டும் என்றால் டிரெயின் பம்ப், டிரெயின் ஹோஸ். அடியில் நியூஸ்பேப்பர் விரித்து, துணி போடாமல் ஓடவிட்டேன். டிரம் சுழல ஆரம்பித்த பிறகுதான் நனைந்தது, அதுவும் முன்பக்கத் தாள் மட்டும்.

ரப்பரின் கீழ் மடிப்பை விரித்தால் முடியும் நூலும் சோப்பும் சேர்ந்த கருப்புச் சேறு, அதற்கடியில் வடிகால் துளைகள் அடைத்துக் கிடந்தன. கதவுக் கண்ணாடியில் ரப்பர் வந்து படியும் இடத்தில் சுற்றிலும் வெள்ளையாக உப்புக் கோடு, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. கோடு படிந்த இடத்தில் ரப்பர் எப்படி ஒட்டி உட்காரும்? சிட்ரிக் ஆசிட் கரைசலில் துணியை நனைத்து ஒற்றி எடுத்ததில் கண்ணாடி பளிச்சென்று ஆனது, ஒழுகலும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மடிப்பைத் திருப்பிப் பார்த்தபோது ஊக்கோ பிளவுஸ் கொக்கியோ கிழித்த ஒரு சின்னக் கீறல்.

கதவுக்குள் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரைக் காட்டி ரப்பர் வாங்கினேன். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய ரப்பரை முன்பக்கம் பிடித்திருக்கும் வெளி ஸ்பிரிங் வளையம் சுலபமாக வந்துவிட்டது. உள் கிளாம்ப்தான் உயிரை எடுத்தது. முன் தகட்டையே கழற்றினால்தான் கை போகிறது. புது ரப்பரின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு உட்காரும், வடிகால் துளைகள் கண்டிப்பாகக் கீழே வர வேண்டும். அப்புறம் அந்த வெளி ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுவது இருக்கிறதே, ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் துள்ளி வெளியே வருகிறது. நிச்சயம் தேயப்போகிற பாகத்தை இவ்வளவு உள்ளே கொண்டுபோய் வைத்தவர்களை மன்னிக்க மனம் வரவில்லை.

இப்போது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை, துவைப்பு பழையபடி அருமை. கடைசித் துணியை எடுத்ததும் ரப்பர் மடிப்பைத் துடைத்து, கதவைத் திறந்தே வைக்கிறோம். சரி, நண்பரே, உங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். டாப் லோடும் ஒழுகும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் எங்கள் வீட்டுக்கு அடுத்தது டாப் லோடுதான்.