அஷ்டமி நவமியில் படகுக்கு இடம் பார்க்காதீர்கள்

மலேசியாவில் தெலுக் பங்ளிமா காராங், பந்திங், கேரித் தீவுப் பக்கம் சிறு படகு வைத்திருப்பவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆற்றோரத்தில் படகு கட்ட நல்ல இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் என்னிடம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். மாத வாடகை 80 வெள்ளி தனி. ஆறேழு வாரத்தில் படகு இரண்டு முறை அடிபட்டது. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது. அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். அதே வேலையை நாளை வேறொருவர் உங்களிடம் செய்தால் அடையாளம் தெரியட்டும்.

நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர். மச்சானும் நானும் பணம் போட்டுப் பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினோம். பதினைந்து குதிரைத்திறன் இன்ஜின். ஞாயிற்றுக்கிழமை கொடுவா பிடிக்கப் போவதைத் தவிர வேறு பேராசை எதுவும் இல்லை. படகு வந்துவிட்டது, கட்ட இடம் இல்லை. ஜெட்டியில் இருந்த இடமெல்லாம் மீனவர்களுக்கே போதவில்லை. அப்போதுதான் அந்த ஆள் வந்தார். தமிழர், தோட்டத்தில் பிறந்தவர், என் அப்பாவைத் தெரியும் என்றார். அதற்கு மேல் நான் எதையும் விசாரிக்கவில்லை.

இடம் காட்ட அழைத்துப்போனது ஒரு நவமி நாள், மாலை ஆறு மணி. புறப்படும்போதே அம்மா, “அஷ்டமி நவமியில் யாராவது பணம் கொடுப்பார்களா?” என்று தடுத்தார். சிரித்துவிட்டுப் போனேன். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை கீழே வருகிறது.

கரையிலிருந்து இருபதடி தள்ளிப் படகை நிறுத்தி, ஒரு மூங்கில் கழியை நட்டுக் காட்டினார். அந்த இடத்தில் அடியில் ஓர் எடையைப் போட்டு, சங்கிலியும் மிதவையும் கட்டித் தருவது அவர் வேலை; படகை அதில் கட்டுவோம். இடுப்பளவு தண்ணீர். “தம்பி, இப்போது முழு வற்றம். இதற்கு மேல் இறங்காது. இன்ஜினை இறக்கியபடியே விட்டாலும் தரை தட்டாது” என்றார். கைப்பேசியில் பார்த்தேன், அன்றைய வற்றம் உண்மையிலேயே அந்த நேரம்தான். முதல் வாக்கியத்தில் பொய் இல்லை. இரண்டாவதில் இருந்தது.

கிள்ளான் கடற்கரையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இது எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வற்றுகிறது என்பது நிலவைப் பொறுத்தது என்பதை நான் யோசித்தே பார்க்கவில்லை. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கின்றன. அதற்கு ஓரிரு நாள் கழித்துக் கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் நான்கு மீட்டரைத் தொடும். அஷ்டமி வாக்கில் நிலவு பாதி. இழுப்பு குறுக்குமறுக்காகப் போய்விடுகிறது, வித்தியாசம் பாதிக்கும் கீழே விழுந்துவிடும். அன்று கடல் பெரிதாக ஏறாது, பெரிதாக வற்றவும் வற்றாது. அவர் கழி நட்ட நவமி வற்றத்துக்கும், அடுத்து வந்த பௌர்ணமி வற்றத்துக்கும் ஒரு மீட்டருக்கு மேல் வித்தியாசம். இடுப்பளவுத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிறு. மதியம் ஒரு மணிக்கு நானும் மச்சானும் ஜெட்டிக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் பெரிய ஏற்றம் விடியலிலும் அந்திப்பொழுதிலும் வரும், பெரிய வற்றம் நடுப்பகலில் வரும். படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. அதுவும் நேராக இல்லை. அங்கே தரை ஆற்றின் நடுப்பக்கம் சரிந்து போகிறது, படகும் அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது. அவர் சொன்னபடி இறக்கியே விட்ட இன்ஜினின் கால் முழங்கால் ஆழத்துக்குச் சேற்றில் புதைந்திருந்தது. சுற்றிலும் சேற்று மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்று எங்கள் மிதவை மேலேயே ஏறி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

இறங்கி நடக்கப் பார்த்தோம். தொடை வரை இறங்கியது, திரும்பிவிட்டோம். நீர் ஏறட்டும், படகு தானாக எழும் என்று ஜெட்டியில் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். ஏற்றம் ஒரே சீராக வருவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால் முதல் மணி நேரத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. நான்கு மீட்டர் ஏறும் நாளில் நடு இரண்டு மணி நேரமும் மணிக்கு ஒரு மீட்டர். பின்புறத்தைச் சேறும் இன்ஜினும் பிடித்துக்கொள்ள, சாய்ந்த பக்கத்தின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனது. படகு மிதப்பதற்குள் நிறைந்துவிட்டது. எண்ணெய்த் தொட்டி, மீன் பெட்டி, மச்சானின் இடது காலணி எல்லாம் ஜெட்டியை ஒட்டி மிதந்துபோயின. இன்ஜினைப் பிரித்துக் கழுவ 640 வெள்ளி.

அந்த ஆளைக் கூப்பிட்டேன். வந்தார், உச்சுக் கொட்டினார், “எடையை ஆழமான பக்கம் பத்தடி தள்ளிப் போட்டுத் தருகிறேன்” என்றார். அதற்கு 150 வெள்ளி. அதையும் கொடுத்தேன். நீர் ஏறிக் கிடந்த நேரத்தில் வந்து ஏதோ செய்துவிட்டுப் போனார். அடுத்த அமாவாசை வற்றம் வார நாளில் வந்தது, நாங்கள் ஆலையில் இருந்தோம். அந்த ஞாயிறு படகின் அடியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்ஜினைத் தூக்கிக் கட்டியிருந்ததால் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நானும் அதைப் பற்றி நினைக்கவில்லை.

இரண்டாவது அடி அதற்கும் அடுத்த அமாவாசையில் விழுந்தது. விடியற்காலை ஐந்தரைக்குச் சுமத்ரா பக்கமிருந்து சூறைக்காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையோரம் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை, பெரும்பாலும் விடியலுக்கு முன்தான் அடிக்கும். பெரிய ஏற்றமும் அதே நேரம். ஆறரை மணிக்கு நான் போனபோது படகு கட்டிய இடத்தில் இல்லை. முந்நூறு மீட்டர் தள்ளிக் கண்டல் வேர்களுக்குள் மூக்கை நுழைத்துக் கிடந்தது, வலப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குப் பிளவு. கட்டிய கயிறு அறுபடவில்லை. மறுமுனையில் எடையும் கூடவே வந்திருந்தது.

மதியம் நீர் வற்றியதும் அந்த எடையை இழுத்துப் பார்த்தோம். “இருநூறு கிலோ கான்கிரீட்” என்று சொன்னது ஒரு லாரி டயர். மேலே இரண்டு விரல்கடை தடிமனுக்குச் சிமெண்டு. மச்சான் பாரைக்கோலால் ஒரு தட்டுத் தட்டினார், ஓடு போல் உடைந்தது. உள்ளே மணல், நான்கைந்து செங்கல் துண்டுகள், நெளித்துப்போட்ட ஒரு பால் டின். தோட்டத்தில் குலை நிறுக்கும் தராசில் கட்டித் தூக்கினோம். 64 கிலோ. முழுக் கான்கிரீட்டாகவே இருந்தாலும் தண்ணீருக்குள் போனதும் ஏறத்தாழ நாற்பது சதவிகித எடையை இழந்துவிடும். கரையில் நூறு கிலோ, அடியில் அறுபதுகூட இல்லை. கரையில் சொல்லும் எடையை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பத்து மீட்டர் சங்கிலி என்றது மூன்று மீட்டர் சங்கிலியும் மூன்று மீட்டர் கயிறும். சங்கிலி துத்தநாகம் பூசாத கறுப்புச் சங்கிலி, ஆறேழு வாரத்தில் செதில் செதிலாகத் துரு. சங்கிலியை இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் ஆணியைக் கம்பியால் கட்டவே இல்லை, பாதி கழன்றிருந்தது. பெரிய ஏற்றத்தில் அங்கே நான்கு மீட்டர் ஆழம். சங்கிலியானால் அந்த ஆழத்தைப் போல் மூன்று மடங்கு வேண்டும், கயிறானால் ஐந்து முதல் ஏழு மடங்கு. அப்போதுதான் இழுப்பு தரையோடு தரையாகப் போகும். ஆறு மீட்டரில் கட்டினால் ஒவ்வோர் அலையும் எடையை மேல்நோக்கிப் பிடுங்கும். எங்கள் டயரைப் பிடுங்க அலைகூடத் தேவையில்லை.

டயர் கிடந்த பள்ளத்தையும் தேடிப் பார்த்தோம். முதலில் போட்ட அதே இடம். பத்தடி தள்ளிப் போட்டதாகச் சொன்னதும் பொய்.

நாங்கள் அங்கே சேற்றோடு மல்லாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பக்கத்துப் படகின் பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவர் வந்தார். கதையைக் கேட்டுவிட்டு மலாயில் ஒரே கேள்வி: “ஆயர் மாத்தியில் காட்டினானா?” செத்த நீர். அரை நிலவு நாள்களின் அசையாத கடலுக்கு இங்குள்ள மீனவர்கள் வைத்திருக்கும் பேர். ஜெட்டித் தூணைக் காட்டினார். சிப்பி ஒட்டியிருந்த உயரம் ஒன்று, அதற்கும் மேலே கறுத்த ஈரக் கோடு ஒன்று. ஏற்றம் எதுவரை வரும் என்று தூணே சொல்கிறது. சேற்று மீன் வளை எங்கே இருக்கிறதோ அங்கே தரை வெளியே வரும் என்றார். “இந்தப் படகுகளைப் பார். ஆழத்தில் நிற்பவை எல்லாம் ஒரே பக்கம் மூக்கைத் திருப்பி நிற்கின்றன. உன் இடத்தில் யாராவது கட்டியிருக்கிறார்களா? ஏன் காலியாக இருந்தது என்று கேட்டாயா?”

கேட்கவில்லை. எனக்கு அதிகம் வலிப்பது வேறு. என் அப்பா கேரித் தீவுத் தோட்டத்தில் மதகுக்காரர். கேரி என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய அந்தத் தீவில் கரை எழுப்பி, மதகு வைத்துத்தான் செம்பனை வளர்க்கிறார்கள். வற்றத்தில் மதகைத் திறந்து வாய்க்கால் நீரை வெளியே விட வேண்டும், ஏற்றத்துக்கு முன் மூட வேண்டும். அப்பா அதற்கு எந்த அட்டவணையும் பார்த்ததில்லை. சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியின் திதியைப் பார்ப்பார், பென்சிலால் ஒரு கோடு போடுவார். அதைப் பார்த்து வளர்ந்த நான் நவமியன்று போய் ஆழம் பார்த்திருக்கிறேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். வற்றத்தில் தரை தட்டும் இடம் என்பதாலேயே அது கெட்ட இடம் ஆகிவிடாது. தட்டை அடிப் படகுக்கு, சமமான மெத்தென்ற சேற்றில், இன்ஜினைத் தூக்கிக் கட்டினால் ஒன்றும் ஆகாது. ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று மணி நேரம்தான் போக வர முடியும், அதற்கேற்ற குறைந்த வாடகை இருக்கும். தெரிந்தே எடுப்பவர்கள் உண்டு. சரிவான சேற்றைக் காட்டி, எப்போதும் மிதக்கும் இடம் என்று சொல்லி, முழு விலை வாங்குவதுதான் திருட்டு.

இடம் பார்ப்பதானால் அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ மறுநாள் நடுப்பகலில் போங்கள். ஒரு தடவை போதும். பூலாவ் இண்டாவில் உள்ள கடற்படையின் தேசிய நீர்வரைவியல் மையமும், நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகின்றன. அதில் கிள்ளான் துறைமுகப் பக்கத்தைப் பாருங்கள். எடையையும் சங்கிலியையும் தண்ணீரில் போடும் முன் கரையில் வைத்து நிறுத்து, அளந்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் இடம், ஆழம், சங்கிலி நீளம் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது “படகு கட்ட” என்று இரண்டே சொல் எழுதிய துண்டுச் சீட்டு.

கடைசியாகப் போய்க் கேட்டபோது அந்த ஆள் சொன்னது: “கடலை நானா தம்பி கட்டி வைக்க முடியும்?” காசைப் பற்றிப் பேச்சே இல்லை. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போட்டேன். கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் வைக்க முடியாது, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். உடைந்த டயரை வீட்டுப் பின்புறம் பத்திரமாக வைத்திருக்கிறேன். மச்சான் அதைத் தூக்கிக்கொண்டு போயே தீர வேண்டும் என்கிறார்.

விசாரணைத் தேதி வந்துவிட்டது. அம்மா நாள்காட்டியைக் கிழித்துக் கிழித்துப் பார்த்தார். நவமி. தேதியை மாற்றித் தருவார்களா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.