கருவிகளுக்கு நூறு, பலகைகளுக்கு நாற்பது

பெரிய அறிவியல் கண்காட்சி ஒன்றுக்கு யாரோடு போகிறோம் என்பது, அங்கே எதைப் பார்க்கிறோம் என்பதைப் பாதியளவு தீர்மானித்துவிடுகிறது. இம்முறை என்னுடன் வந்த நண்பர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அறிவியல் பாடத்தைப் பள்ளியோடு விட்டவர்தான். ஆனால் ஒரு பொருள் எதனால் ஓடுகிறது என்று பிடிபடாமல் அதை விட்டு நகர மாட்டார். காலையில் கதவு திறந்தவுடன் நுழைந்து மாலையில் மூடும்வரை இருந்தும், ஆறு அரங்குகளில் நான்கைத்தான் முழுமையாகப் பார்க்க முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. விட்டுப்போன இரண்டில் பெரும்பாலும் தொடுதிரைகளே இருந்தன என்பதைத் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

நுழைவுக் கூடத்தின் நடுவே ஃபூக்கோ ஊசல் ஆடிக்கொண்டிருந்தது. 1851ஆம் ஆண்டு பாரிஸின் பந்தியோன் கட்டடத்தில் லியோன் ஃபூக்கோ 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு, பூமி தன்னைத்தானே சுற்றுவதைப் பொதுமக்கள் கண்ணெதிரே காட்டிய சோதனையின் சிறிய வடிவம் இது. நண்பர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து அலைவுகளை எண்ணினார், 80 வினாடி. ஓர் அலைவுக்கு 8 வினாடி என்றால் கம்பியின் நீளம் ஏறத்தாழ 16 மீட்டர் இருக்க வேண்டும் என்று நான் கணக்கிட்டுச் சொன்னேன். விளக்கப் பலகையிலும் 16 மீட்டர் என்றே இருந்தது கண்டு இருவருக்கும் சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சி. அடுத்து அவர் கேட்டதுதான் சரியான கேள்வி: “சாவி கொடுக்காம எந்த ஊசலும் நாள் முழுக்க ஆடாதே, இதுக்குச் சாவி எங்க இருக்கு?” பலகையில் அதற்கு விடை இல்லை. அருகில் நின்ற விளக்குநரான கல்லூரி மாணவி எங்களை மாடிக் கைப்பிடிச் சுவர்வரை அழைத்துச் சென்று, கம்பி தொங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே அதைச் சுற்றியிருந்த மின்காந்த வளையத்தைக் காட்டினார். காற்றின் தடையால் இழக்கும் ஆற்றலை ஒவ்வொரு அலைவிலும் அது சிறு இழுப்பால் ஈடுசெய்கிறது. எல்லாத் திசையிலும் சமமாக இழுப்பதால் ஊசல் ஆடும் திசையை அது மாற்றுவதில்லை. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டைப் பலகையில் ஒரு வரிகூடக் குறிப்பிடாமல் விட்டது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அதோடு, ஊசலின் தளம், அதாவது அது ஆடும் திசை, ஒரு நாளில் முழுச் சுற்று வரும் என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தார்கள். துருவத்தில்தான் அது உண்மை. 30 பாகை அட்சரேகையில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகும். நிலநடுக்கோட்டில் சுற்றே கிடையாது.

ஒலி அரங்கைப் பற்றிச் சொல்ல ஒரு குறைதான் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு பரவளையத் தட்டுகளில் ஒன்றின் குவியத்தில் கிசுகிசுத்தால் மற்றொன்றின் குவியத்தில் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலேயே டெஸ்லா சுருளை நிறுவி, கால் மணிக்கொரு முறை படபடவென மின்பொறி பறக்கவிட்டால் கிசுகிசுப்பு எங்கே கேட்கும்? என் காதருகே கத்தியே பேச வேண்டியிருந்தது நண்பருக்கு. இரண்டும் நல்ல கருவிகள். அவற்றை அண்டை வீட்டுக்காரர்களாக்கியவர் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இந்தக் கண்காட்சியில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது மூன்றாம் அரங்கின் இருட்டறையில் உள்ள முகில் கலத்தைத்தான். சாப்பாட்டு மேசையளவு கண்ணாடிப் பெட்டி. மேலே ஆல்கஹால் நனைத்த கம்பளி விளிம்பு. அடியில் உறைநிலைக்கு வெகு கீழே குளிர்விக்கப்பட்ட கறுப்பு உலோகத் தகடு. மேலிருந்து இறங்கும் ஆல்கஹால் ஆவி தகட்டுக்கு அருகில் எந்த நொடியும் துளியாகிவிடும் நிலையில் நிற்கிறது. மின்னூட்டம் பெற்ற துகள் ஒன்று ஊடுருவினால் அதன் வழியெங்கும் அயனிகள் உண்டாக, அவற்றைப் பற்றிக்கொண்டு ஆவி வெண்கோடாகப் படிகிறது. சார்லஸ் வில்சன் 1911இல் இவ்வகைத் தடங்களை முதன்முதலில் படம்பிடித்தார். 1927இல் நோபல் பரிசு பெற்றார். 1932இல் கார்ல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் நேர்மின் இணையான பாசிட்ரானைக் கண்டதும் முகில் கலத்தில்தான். முதல் இரண்டு நிமிடம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பொறுமையிழந்து வெளியேறியவர்கள் பலர். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு, சுண்டுவிரல் நீளத்தில் தடித்துத் தோன்றும் ஆல்ஃபா துகளின் கோட்டையும், நூல் சிக்கியதுபோல் வளைந்து நெளியும் எலக்ட்ரானின் கோட்டையும், பெட்டியை ஓரத்திலிருந்து ஓரம்வரை நேராகக் கிழித்துச் செல்லும், எலக்ட்ரானைவிடக் கனமான மியூவான் துகளின் கோட்டையும் பிரித்தறிய முடிகிறது. ஒரு கோடு இரண்டு மூன்று வினாடி நின்று, கலைந்து, பனித்தூறலாக விழுகிறது.

நண்பர் அங்கே நாற்பது நிமிடம் நின்றார். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. ஒளியின் வேகத்தை ஒட்டியே வந்தாலும் அதற்குள் ஏறத்தாழ 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆனால் அவை பிறப்பதோ தரையிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில். அப்படியிருந்தும் அவற்றில் ஏராளமானவை நம்மை வந்தடைவது, வேகமாக நகர்ந்து செல்லும் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுவதாகத் தெரியும் என்ற சார்பியல் விளைவினால் என்று இருட்டறையின் விளக்குநரான இளைஞர் சொன்னார். கடிகாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நண்பர் விடவில்லை. துகளுக்குள் முள் ஏது, பல்சக்கரம் ஏது, எது மெதுவாகிறது என்று கேட்டார். துகள் சிதைவதே அதன் கடிகாரம், முள்ளும் சக்கரமும் நாம் செய்துகொண்ட வசதி என்று அந்த இளைஞர் பொறுமையாகச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. இந்தக் கணக்கும் பலகையில் இல்லை. விளக்குநர் உணவுக்குப் போன நேரத்தில் வருபவர்களுக்கு வெண்கோடுகள் மட்டுமே கிடைக்கும்.

பலகைகள் சொல்லாமல் விட்டதை மன்னித்துவிடலாம். தவறாகச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. விமானவியல் பகுதியில் கண்ணாடிச் சுவருள்ள சிறு காற்றுச் சுரங்கமும் அதற்குள் இறக்கையின் குறுக்குவெட்டும் இருந்தன. பொத்தானை அழுத்தினால் புகை இழைகள் இறக்கையின் மேலும் கீழும் ஓடும். மேற்பரப்பு வளைந்திருப்பதால் மேலே செல்லும் காற்று அதிகத் தூரம் கடக்க வேண்டும் என்றும், கீழே செல்லும் காற்றோடு பின்முனையில் ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டும் என்பதால் விரைந்து செல்கிறது என்றும் பலகை கூறியது. பாடப்புத்தகங்கள் சிலவற்றிலிருந்து இன்னும் ஒழியாத பழைய பிழை இது. ஒரே நேரத்தில் சேர வேண்டிய கட்டாயம் காற்றுக்கு எதுவும் இல்லை. நான் இதை விளக்கத் தொடங்குவதற்குள், நண்பர் புகைப் பொத்தானை அரை நொடி விட்டு மீண்டும் அழுத்தினார். இழைகளில் விழுந்த இடைவெளி மேலும் கீழுமாகப் பிரிந்து ஓடியது. மேலே போன இடைவெளி பின்முனையைத் தெளிவாக முந்திக்கொண்டு கடந்தது. மூன்று முறை செய்தும் அப்படியே. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதன் எதிர்விளைவே தூக்குவிசை என்பதைப் பின்முனைக்கு அப்பால் புகை சரிந்து இறங்குவதிலிருந்தே காட்டலாம். தனக்கு மேலே தொங்கும் பலகையைத் தானே பொய்யாக்கும் கருவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மற்றவை விரைவாக. திரவ நைட்ரஜன் நிகழ்ச்சி கலகலப்பானது. −196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவம் தரையில் கொட்டியதும், தன் ஆவியின் மேலேயே மிதந்து குண்டுமணிகளாகச் சிதறி ஓடியதைக் குழந்தைகள் துரத்தினார்கள். வான் டி கிராஃப் மின்னாக்கியில் தலைமுடி எழும் நிகழ்ச்சியை, காற்றில் ஈரம் மிகுந்து மின்னூட்டம் தங்கவில்லை என்று காரணம் சொல்லியே ரத்து செய்தார்கள். ஏமாற்றம்தான், ஆனாலும் நேர்மையான அறிவிப்பு. மெய்நிகர் கண்ணாடி அணிந்து செவ்வாயில் நடக்கும் பகுதிக்கு முக்கால் மணி நேர வரிசை, மூன்று நிமிடக் காட்சி, அதுவும் மங்கல். தவிர்த்துவிடுங்கள். அரங்குகளுக்கு இடையே உட்கார இருக்கைகள் மிகக் குறைவு. முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். கூட்டம் முதல் அரங்கிலிருந்து வரிசையாக நகர்வதால், நேரே மூன்றாம் அரங்குக்குப் போய் இருட்டறையில் தொடங்குவது நல்லது.

வெளியேறும் இடத்தில் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். நான் இருக்கைகளைப் பற்றியும் டெஸ்லா சுருளைப் பற்றியும் எழுதினேன். நண்பர் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் இறக்கையின் படத்தை வரைந்து, இரண்டு புகை இடைவெளிகளையும் புள்ளியிட்டுக் காட்டி, “பொத்தானை விட்டு அழுத்திப் பார்க்கவும்” என்று கீழே எழுதிப் பெட்டியில் போட்டார்.