பேராதனையா, யாழ்ப்பாணமா? விரிவுரை முடிந்த பின்னர் மாணவருக்குக் கிடைப்பவை

உயர்தரப் பெறுபேறு வெளிவந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை முன்னுரிமைப்படி நிரப்ப வேண்டிய அந்தச் சில வாரங்களில் எங்கள் வீடுகளில் பேசப்படுவதெல்லாம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைப் பற்றித்தான். எந்தத் துறைக்கு, எந்த மாவட்டத்தில், எந்தப் புள்ளியோடு போன வருடம் வாசல் மூடப்பட்டது என்று மனப்பாடமாகச் சொல்லும் பெற்றோரிடம், பிள்ளை அங்கே எங்கே தங்கும், இரவில் காய்ச்சல் வந்தால் யாரிடம் போகும் என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. வவுனியாவில் இருக்கும் என் அக்காவின் மகள் விஞ்ஞான பீடத்துக்கு விண்ணப்பித்தபோது, கண்டிக்கு அருகிலுள்ள பேராதனையை முதலில் எழுதுவதா யாழ்ப்பாணத்தை முதலில் எழுதுவதா என்ற கேள்வி எழுந்தது. கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் 321 கிலோமீற்றர் நீள ஏ9 வீதியில் வவுனியா ஏறக்குறைய நடுவில் இருப்பதால், தூரம் எங்களுக்கு முடிவு சொல்லவில்லை. பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்து, வகுப்பறைக்கு வெளியே இரண்டும் மாணவருக்கு என்ன தருகின்றன என்பதை மட்டும் அப்போது ஒப்பிட்டுப் பார்த்தோம்.

இரண்டும் அரச பல்கலைக்கழகங்கள். இரண்டும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் இயங்குபவை. இரண்டிலும் கல்வி இலவசம். ஆனால் அவை பிறந்த விதம் வேறு, அந்த வேறுபாடே இன்றைக்கும் மாணவரின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை, மாணவர் தங்கிப் படிக்கும் இடமாக ஆக்க வேண்டும் என்று அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் விரும்பினார். பற்றிக் அபர்குரொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும் வரைந்த திட்டத்தின்படி மகாவலிக் கரையில், ஹந்தானை மலையடிவாரத்தில் கட்டடங்கள் எழுந்தன; 1952இல் பல்கலைக்கழகம் அங்கே இடம்பெயர்ந்தது. விரிவுரை மண்டபங்களோடு ஒரே திட்டத்தில் வைத்தே விடுதிகளும் வரையப்பட்டன. யாழ்ப்பாண வளாகமோ 1974இல், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில் தொடங்கியது. விஞ்ஞானப் பிரிவு ஆரம்பத்தில் வட்டுக்கோட்டையில் இருந்தது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. பாடசாலைக்கென அமைந்த காணியில், ஏற்கெனவே நெருக்கமாகக் குடியிருப்புகள் சூழ்ந்த, யாழ்ப்பாண நகரை அடுத்த திருநெல்வேலியில் வளர்ந்த பல்கலைக்கழகத்துக்கு, மாணவருக்கு வீடு கட்டிக் கொடுக்கும் இடவசதி தொடக்கத்திலேயே இருக்கவில்லை.

ஆகவே விடுதியிலிருந்தே தொடங்க வேண்டும். பேராதனையில் விடுதி ஒவ்வொன்றும் தனக்கென உணவு மண்டபம், முற்றம், வோர்டன் என்று ஒரு சிறு குடும்பம் போல வகுக்கப்பட்டது. இராமநாதன் பெயரிலும் அவருடைய தம்பி அருணாசலத்தின் பெயரிலும் அங்கே விடுதிகள் இருப்பதைத் தமிழ்ப் பெற்றோர் பெருமையோடு கவனிப்பதுண்டு. அந்தத் திட்டம் வரையப்பட்ட காலத்து மாணவர் தொகை வேறு, இன்றைய தொகை வேறு. ஒருவருக்கென அமைந்த அறையில் இருவரோ அதற்கு மேலோ கட்டில் போட்டிருப்பதும், காலையில் குளியலறைக்கு வரிசை நிற்பதும் வழமையாகிவிட்டன. இருந்தாலும் கட்டிலிலிருந்து நூலகத்துக்கும், நூலகத்திலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும் நடந்தே போகலாம் என்ற வசதி அங்கே இன்னும் அழியவில்லை. ஏறக்குறைய 700 ஹெக்டேயர் பரப்பில், கலஹா வீதி ஊடறுத்துச் செல்லும் அந்த வளாகத்தில் மாலை ஆறு மணிக்கு மேலும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகவே இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் மாணவரைப் பொறுப்பேற்பது பெரும்பாலும் ஊர்தான். விடுதிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் இடம் கிடைக்காதவர் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கம் போர்டிங் (வீடுகளில் வாடகைக்குக் கிடைக்கும் அறை) தேட வேண்டும். போர்டிங்கின் தரம் வீட்டுக்கு வீடு மாறும். ஓரிடத்தில் வீட்டுக்கார அம்மா இரவு பிட்டு அவிக்கும்போது பிள்ளைகளுக்கும் சேர்த்து அவிப்பார். இன்னோரிடத்தில் மூன்று மாத வாடகையை முற்பணமாக வாங்கிக்கொண்டு, மின்விசிறி போட்டதற்குத் தனிக் கணக்கு எழுதுவார்கள். பொதுவாகப் பெண் பிள்ளைகளின் போர்டிங்கில் படலை பூட்டும் நேரம் வோர்டனின் நேரத்தைவிடக் கண்டிப்பாக இருக்கும். இதில் நல்லதும் உண்டு. சுற்றியிருப்போர் தமிழ் பேசுவோர், கடை பக்கத்தில், திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி மலிவு, ஒரு சைக்கிள் இருந்தால் சமதரையில் எங்கேயும் போகலாம். பேராதனையில் சைக்கிள் வைத்திருப்பவர் அதை மிதிப்பதைவிடத் தள்ளுவதே அதிகம்.

விடுதி அனுமதிக்கான நடைமுறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வீட்டுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான தூரமும் குடும்ப வருமானமும் பார்க்கப்படும், கிராம அலுவலர் உறுதிப்படுத்திய படிவம் வேண்டும், பொதுவாக முதலாம் ஆண்டினருக்கும் இறுதியாண்டினருக்கும் முன்னுரிமை தரப்படும். இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே தங்க நேரிடலாம் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே கணக்கில் எடுப்பதில்லை. பேராதனையிலும் அந்த ஆண்டுகளில் பெனிதெனிய, ஹிந்தகல பக்கம் அறை தேடும் நிலை வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவி, பெயர் சொல்ல வேண்டாத ஒரு பல்கலைக்கழகத்தில், படிவத்தில் நேர்கோட்டுத் தூரத்தை எழுதியதற்காக ஒரு தவணை முழுவதும் விடுதி இல்லாமல் இருந்தாள். கேட்கப்பட்டது பஸ் ஓடும் தூரம். அதைத் திருத்தக் கொடுத்த கடிதம் மேசைக்கு மேசை நகர்ந்து முடிவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. படிவத்தின் அடிக்குறிப்பையும் வாசித்துவிட்டு நிரப்புவது நல்லது.

யாழ்ப்பாணம் என்று எழுதும்போது எந்த யாழ்ப்பாணம் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகிய பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில், ஏ9 ஓரத்தில் இருக்கின்றன. அங்கே படிக்கப் போகும் பிள்ளை திருநெல்வேலிச் சந்தையையோ கைலாசபதி கலையரங்கையோ நினைத்துப் போவதில் பயன் இல்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட பஸ் பயணம் உண்டு. புதிய கட்டடங்கள், பரந்த வெளி, அண்மையில் பெரிய ஊர் இல்லாமை என்ற மூன்றும் சேர்ந்து அறிவியல் நகரை, வயதில் இளையதானாலும், வதிவிடப் பல்கலைக்கழகம் என்ற பேராதனையின் எண்ணத்துக்கே நெருக்கமாக்கியிருக்கின்றன. மலையும் ஆறும் அரைநூற்றாண்டு நிழல்மரங்களும்தான் குறை. நடு வெயிலில் பீடத்திலிருந்து வீதிக்கு நடந்தவருக்கு அந்தக் கடைசிக் குறை சின்னதாகத் தோன்றாது. நுண்கலை பயில்வோரின் இடமோ மருதனார்மடம். ஒரே பல்கலைக்கழகத்தின் சேவைகள் இப்படிச் சிதறியிருப்பதால், மத்திய நூலகத்தில் ஒரு நூல் இருக்கிறது என்பது எல்லா மாணவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

நூலகத்தைப் பொறுத்தவரை தொகுப்பின் வயதில் பேராதனை முந்துகிறது. கொழும்பில் திரட்டப்பட்ட பழைய நூல்களும் அங்கே வந்து சேர்ந்தன. இலங்கை வரலாற்றிலோ தொல்லியலிலோ ஆழமாக இறங்க விரும்புபவர் அங்கே நாட்கணக்கில் இருக்கலாம். யாழ்ப்பாண நூலகத்தின் பலம் வடபகுதி பற்றிய நூல்களும் தமிழ் வெளியீடுகளும். முதலாம் ஆண்டு விஞ்ஞான மாணவிக்கு இந்த வேறுபாட்டால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தேவைப்படுவது பரீட்சைக் காலத்தில் ஒரு நாற்காலி. அந்தப் போட்டி இரண்டு இடத்திலும் சமம்.

மருத்துவ வசதியை விரைவாகச் சொல்லிவிடலாம். இரண்டிலும் பல்கலைக்கழக சுகாதார நிலையம் உண்டு. சிறிய நோய்க்கு மருந்தும், பரீட்சைக்கு வர முடியாதவருக்கு மருத்துவச் சான்றிதழும் அங்கேதான். அதற்கு மேல் தேவைப்பட்டால் பேராதனையில் போதனா வைத்தியசாலை வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, பல் மருத்துவப் பீடத்தோடு இணைந்த பல் வைத்தியசாலையும் அருகில் உண்டு. யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை நகர் நடுவே. திருநெல்வேலியிலிருந்து சில கிலோமீற்றர்.

பணத்தில் வேறுபாடு இல்லை என்றே பலர் நினைக்கிறார்கள், வருமானப் பக்கத்தில் அது சரி. மாணவருக்கு உதவித்தொகை வழங்க 1981இல் சட்டமாக்கப்பட்ட மஹாபொல நிதியம் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அந்த மாதாந்தக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், மஹாபொல கிடைக்காதோருக்கான உதவு பணத்தை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தியது. செலவுப் பக்கத்தில்தான் வித்தியாசம். விடுதிக் கட்டணம் பெயரளவிலானது. போர்டிங் வாடகை அப்படி அல்ல. அதனால் விடுதி உறுதியாகக் கிடைக்கும் ஆண்டில் அந்தத் தொகை கைச்செலவாகிறது. விடுதி இல்லாத ஆண்டில் அது வீட்டுக்காரரின் கைக்குப் போய்விடுகிறது. யாழ்ப்பாணத்தில் அறைநண்பர்கள் சேர்ந்து சமைத்துச் செலவை இறக்கிவிடலாம். பேராதனையில் மூன்று வேளையும் கன்டீனை நம்புவோர் அதிகம். அங்கே சோறும் கறியும் மலிவு என்றாலும், இரண்டாம் மாதத்திலேயே பிள்ளை வீட்டுக்கு அழைத்து ஒடியல் கூழ் பற்றிப் பேசத் தொடங்கிவிடும்.

மொழியைப் பற்றிப் பூசி மெழுகாமல் பேச வேண்டும். விஞ்ஞான பீடங்களில் கற்பித்தல் மொழி இரண்டிடத்திலும் ஆங்கிலம். ஆனால் வோர்டனிடம் முறையிடும் மொழி, காவலாளியோடு பேசும் மொழி, விளம்பரப் பலகையின் அடியில் பேனாவால் எழுதப்பட்ட திருத்தத்தின் மொழி பேராதனையில் பெரும்பாலும் சிங்களம். முதல் தவணையில் தமிழ்ப் பிள்ளை இதில் சறுக்குவது இயல்பு. போர் முடிந்த பின்னர் பெருந்தொகையாக யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் வந்து படிக்கும் சிங்கள மாணவர் இதே சறுக்கலை மறுதிசையில் அனுபவிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வவுனியாவில் வளர்ந்து, கடைவீதியில் கொஞ்சம் சிங்களம் பேசிப் பழகிய பிள்ளைக்கு இது தடையாக இராது என்று நான் வாதிட்டேன். தடைதான், ஆனால் நான்கு ஆண்டில் இன்னொரு மொழியோடு வெளியே வருவாள் என்று அக்கா திருத்தினாள். அவள் சொன்னதே சரி.

பகிடிவதை (ராகிங்) பற்றி அக்காவுக்கு இருந்த பயம் நியாயமானது. 1997இல் பேராதனைப் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்ததை அடுத்தே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் எல்லா வளாகத்துக்கும் ஒன்றுதான், தொல்லையும் எந்த வளாகத்தையும் முற்றாக விட்டு நீங்கவில்லை. வதிவிட வாழ்வு தரும் நெருக்கமே மூத்த மாணவருக்குப் புதியவர் மீது அதிகாரத்தையும் தருகிறது என்பது பேராதனை மாதிரியின் உண்மையான விலை. போர்டிங்கின் பூட்டிய படலை இந்த ஒரு விடயத்தில் பாதுகாப்பாகிறது. மாணவ ஆலோசகர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் எது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாக எப்படி முறையிடுவது என்பவற்றைப் பிள்ளை பெட்டி கட்டுமுன்னரே எழுதிக் கொடுத்தோம்.

கலை வாழ்வில் இரண்டுக்கும் இடையே போட்டியைவிட உறவே அதிகம். பேராதனையில் இருந்தபோது தமிழ்க் கூத்தை மேடைக்கு மீட்டெடுத்த பேராசிரியர் சு. வித்தியானந்தன்தான் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த பேராசிரியர் அ. துரைராசாவும் பேராதனைப் பொறியியல் பீடத்திலிருந்து வந்தவர். பேராதனைக்குத் திறந்தவெளி அரங்கு, யாழ்ப்பாணத்துக்குக் கைலாசபதி கலையரங்கு. அங்கே மலைமேல் குறிஞ்சிக் குமரன் கோயில், இங்கே வளாகத்துக்குள்ளேயே பரமேஸ்வரன் ஆலயம்.

என் முடிவு இது. வீடு தொலைவில், வருமானம் குறைவு, பிள்ளை தனித்து நிற்கப் பழகியவள் என்றால் பேராதனை. பிள்ளைக்கு நோயில் பக்கத்திலிருந்து கவனிக்க ஒருவரோ வீட்டுச் சாப்பாடோ அவசியம், யாழ்ப்பாணத்தில் நம்பத்தக்க உறவினர் வீடும் உண்டு என்றால் திருநெல்வேலி. அந்த உறவினர் வீட்டின் முன் எந்த விடுதியும் நிற்காது. உறவினரும் இல்லை, விடுதியும் உறுதியில்லை என்ற நிலையில் யாழ்ப்பாணத்தை முதலில் எழுத நான் தயங்குவேன்.

எங்களுக்கு யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு வீடு இல்லை. அக்காவின் மகள் பேராதனையை முதலில் எழுதினாள், அதுவே கிடைத்தது. கடந்த மாதம் பார்க்கப் போனபோது பொல்கஹவெலவில் ரயில் மாறி, வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சரசவி உயன நிலையத்தில் இறங்கினேன். குடையோடு வந்திருந்தாள். விடுதியில் உடுப்புத் துவைத்து நான்கு நாளாகியும் காயவில்லை என்றாள். வவுனியாவிலிருந்து கொண்டுபோன இரண்டு பழைய சேலைத் துண்டுகளைக் கட்டிலின் இரு தூண்களுக்கும் இடையே கொடியாகக் கட்டியிருப்பதாகவும், அறையில் இருக்கும் மற்றவளோடு அதைத் திங்கள், வியாழன் என்று முறை வைத்துப் பயன்படுத்துவதாகவும் சொன்னாள்.