கிரேட் சர்க்கிள் மேப்பர்: தூரம் சரி, நேரம்?

விமான தூரம் கணக்கிடும் தளங்களில் அலட்டல் இல்லாதது கிரேட் சர்க்கிள் மேப்பர். ஒரே ஒரு பெட்டிதான். விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் ஒரு சிறு கோடு போட்டுத் தட்டினால் வரைபடமும் தூரமும் வந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடிக்கு சுமார் 15,350 கி.மீ. காற்புள்ளி போட்டால் இரண்டு பாதைகளை ஒரே படத்தில் ஒப்பிடலாம். மூன்று குறியீடுகளைக் கோர்த்தால் இடைநிறுத்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டமும் மொத்தமும் தனித்தனியே கிடைக்கும்.

ஊர்ப் பெயரைவிடக் குறியீட்டைக் கொடுப்பதே நல்லது. சான் ஹோசே என்றால் கலிபோர்னியாவில் எஸ்ஜேசி, கோஸ்டா ரிக்காவில் எஸ்ஜேஓ. ஒரு எழுத்து மாறினால் நாடே மாறிவிடும். அலகையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. இதைக் குழப்பிக்கொண்டால் சுமார் 15 சதவீதம் பிசகும்.

தூரத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. சிக்கல் பயண நேரத்தில்தான், அதுவும் இந்தத் தளத்தைவிட, 'இத்தனை மணி இத்தனை நிமிடம்' என்று துல்லியமாகச் சொல்லும் மற்ற தளங்களில். பல தளங்கள் செய்வது வெறும் வகுத்தல்: தூரத்தை மணிக்கு 850 கி.மீ. போல ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி சேர்ப்பது. லண்டன் ஹீத்ரோ–கென்னடி சுமார் 5,550 கி.மீ.; இந்தக் கணக்கில் போகவும் வரவும் 7 மணி நேரம். உண்மையில் நியூயார்க் போகும்போது எதிர்க்காற்று. அட்டவணையில் எட்டு மணியை ஒட்டி இருக்கும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஏழுக்குள் முடியும். ஆகவே ஒரு தளத்தைச் சோதிக்க எளிய வழி: இரு ஊர்களையும் மாற்றிப் போடுங்கள். நிமிடம்கூட மாறாவிட்டால் அந்தத் தளம் காற்றைப் பார்க்கவே இல்லை.

இதைவிடப் பெரிய பிசகு வான்வெளித் தடையால் வருகிறது. ஹெல்சிங்கி–டோக்கியோ நரிட்டா சுமார் 7,800 கி.மீ.; வகுத்தல் கணக்கில் 9 மணி 40 நிமிடம். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, பின்லாந்தின் ஃபின்ஏர் விமானங்கள் சுற்றிப் போகின்றன, சுமார் 13 மணி ஆகிறது. கணிப்பான்களுக்கு இது தெரியாது. ஆனால் மேப்பரில் நடுவே அலாஸ்காவின் ஆங்கரேஜைச் செருகினால் (எச்ஈஎல்-ஏஎன்சி-என்ஆர்டி) மொத்தம் 12,000 கி.மீ. அருகில் வரும். வட துருவம் வழியாகச் சுற்றும் பாதைக்கு இந்தத் தோராயம் போதும்.

டிக்கெட்டில் உள்ள நேரமோ ஒரு விமான நிலைய வாயிலிலிருந்து (கேட்) மறு நிலைய வாயில் வரை. ஓடுபாதை வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரம் என்பதால், யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். இணைப்பு விமானத்துக்கு இடைவெளி பார்ப்பவர்கள் அந்த அட்டவணை நேரத்தையே எடுங்கள். மேப்பர் பாதையை ஒப்பிட மட்டும்.