ஆலய இசைக்குழுவுக்குப் பாமாலை ராகங்களை எழுதி வெளியிடுதல்: எந்த வழி நமக்குப் பொருந்தும்?

பெங்களூரின் அல்சூர், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பகுதிகளிலுள்ள தமிழ்ச் சபைகளில் இசைக்குழு என்பது பெரும்பாலும் அன்றைக்கு வருகிறவர்களைக் கொண்டே அமைகிறது. ஒரு ஞாயிறு மூன்று வயலின்களும் ஒரு ஃப்ளூட்டும் இருக்கும். பரீட்சைக் காலம் வந்துவிட்டால் வயலின் பிள்ளைகள் மறைந்து, ஒரு டிரம்பெட், ஓர் ஆல்ட்டோ சாக்ஸ், பட்டாளத்து பேண்டில் வாசித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் யூஃபோனியம் ஆகியவை மட்டும் எஞ்சும். இத்தகைய குழுவுக்குப் பாமாலை ராகங்களை, அதாவது சபையார் சேர்ந்து பாடும் மேலைநாட்டு மெட்டுகளை, அளிக்க மூன்று வழிகள் உள்ளன: பாடகர் குழுவின் நான்கு பாக (சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ்) நோட்டுப் புத்தகத்தையே கையில் கொடுப்பது, வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆயத்தமான செட்டை வாங்குவது, எந்தக் கருவிக்கும் பொருந்தும் நெகிழ்வான பாகங்களை நாமே எழுதுவது.

முதல் வழிக்குச் செலவில்லை. ஆனால் அந்தப் புத்தகம் மனிதக் குரலுக்காக எழுதப்பட்டது. ஆல்ட்டோ பாகம் பல ராகங்களில் மத்திய சி-க்குக் கீழே இறங்கும், மாணவர்கள் வைத்திருக்கும் ஃப்ளூட்டின் கடைசிச் சுரமோ மத்திய சி-தான். டெனர் பாகத்தை வயலினுக்குக் கொடுத்தால், கீழ் ஜி கம்பிக்குக் கீழே உள்ள சுரங்கள் விடுபட்டுப்போகும். எல்லாவற்றிலும் பெரிய இடர், தாளில் சி என்றிருப்பதை பி-ஃப்ளாட்டாக ஒலிக்கும் பி-ஃப்ளாட் டிரம்பெட் அந்தத் தாளை அப்படியே வாசித்தால் ஒரு முழுச் சுரம் தாழ்ந்து ஒலிப்பது. 1551-இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த ‘ஓல்டு ஹண்ட்ரட்த்’ ராகத்தை எடுத்துக்கொள்வோம். ஜி மேஜரில் அது ஆர்கனுக்கு எளிது. மற்றவர்களோடு ஒத்து ஒலிக்கும்படி மாற்றி எழுதும்போது, டிரம்பெட்டுக்கு அதுவே மூன்று ஷார்ப்புகள் (அரைச் சுரம் உயர்த்தும் குறிகள்) கொண்ட ஏ மேஜராகவும், ஆல்ட்டோ சாக்ஸுக்கு நான்கு ஷார்ப்புகள் கொண்ட இ மேஜராகவும் மாறுகிறது. ஒரு சுரம் இறக்கி எஃப் மேஜரில் எழுதினால் டிரம்பெட்டுக்கு ஒரே ஷார்ப்பு, சாக்ஸுக்கு இரண்டு. சபையாருக்கும் மேல் சுரம் டி-யிலிருந்து சி-க்கு இறங்கி, காலை ஆராதனையில் தொண்டை இளகாதவர்களும் பாட முடிகிறது. இந்த ஒரு மாற்றமே ஒத்திகையில் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆயத்தமான செட்டுகளின் தரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிராஸ் குவிண்டெட் எனப்படும் ஐந்து பித்தளைக் காற்றுக் கருவிகளின் குழுவுக்குத் தேர்ந்த கை எழுதியதை ஐந்து பேரும் வந்து வாசிக்கும்போது வேறெதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் ஹார்ன் வாசிப்பவர் வராத அன்று இசையின் நடுவில் ஓட்டை விழுகிறது. மேலும், அதன் சுருதியும் இடையிசையும் நம் சபை பாடும் வேகத்துக்கு அமைவது அரிது.

எனவே, நம் சூழலுக்கு மூன்றாவது வழியையே நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். முதல் பாகத்தை சி (வயலின், ஃப்ளூட்), பி-ஃப்ளாட் (டிரம்பெட்), இ-ஃப்ளாட் (ஆல்ட்டோ சாக்ஸ்) கருவிகளுக்கும், இரண்டாம் பாகத்தை இவற்றோடு எஃப் ஹார்னுக்கும், மூன்றாம் பாகத்தை பி-ஃப்ளாட், இ-ஃப்ளாட், எஃப், பாஸ் கிளெஃப் (தாழ்ந்த சுரங்களுக்கான குறி) ஆகிய நான்கிலும், நான்காம் பாகத்தை பாஸ் கிளெஃபிலும் இரண்டு டிரெபிள் கிளெஃப் (உயர்ந்த சுரங்களுக்கான குறி) வடிவங்களிலும் எழுதினால், ஒரு ராகத்துக்கு 14 தாள்களில் ஏறக்குறைய எந்தக் குழுவும் அடங்கிவிடும். நால்வர் வந்தாலும் நான்கு பாகமும் ஒலிக்கும். இதன் குறை, எல்லோரும் எல்லாச் சரணங்களிலும் வாசிப்பதால் ஒலி தடித்துப்போவது. ‘இரண்டாம் சரணம்: கம்பிக் கருவிகள் மட்டும், கடைசிச் சரணம்: முதல் பாகம் ஓர் ஆக்டேவ் மேலே’ என்று தாளிலேயே குறித்துவிட்டால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். மூச்சு வாங்கும் இடங்களையும் தமிழ் அடிகளின் நிறுத்தத்தை ஒட்டிக் குறிக்க வேண்டும். சொற்கள் முன்னால் இல்லாத டிரம்பெட்காரருக்கு அடி எங்கே முடிகிறது என்று தெரியாது.

கர்நாடக ராகங்களில் அமைந்த கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்கு இந்த முறையை அப்படியே நீட்டக் கூடாது. சங்கராபரணத்தில் அமைந்தவை நான்கு பாக அமைப்பை ஓரளவு ஏற்கும். தோடியின் உயிர் அதன் கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பதில், இருப்பதால், கீழே கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளை) அடுக்கினால் ராகம் தன் முகத்தை இழந்துவிடும். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மரபில் வந்த பாடல்களுக்கு வயலினும் கிளாரினெட்டும் ஒரே மெட்டை வாசிக்க, மற்றவர்கள் ஆதார சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடித்திருப்பதே மரியாதை.

மென்பொருளைப் பொறுத்தவரை, இசைக்குறிப்பு எழுத உதவும் விலையில்லாத மியூஸ்ஸ்கோர் இந்த வேலைக்குப் போதும். அதே வகை மென்பொருளான ஃபினாலேயின் வளர்ச்சி நிறுத்தப்படுவதாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டதால், பழைய கோப்புகளை வைத்திருப்பவர்கள் அவற்றை மற்ற இசை மென்பொருள்களும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் இப்போதே சேமித்துக்கொள்வது நல்லது.

வெளியிடும்போது சட்டத்தை மறக்கலாகாது. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. இசையமைப்பை வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதுவதும் அந்த உரிமைக்குள் அடங்கும். 1989-இல் மறைந்த ஸ்டூவர்ட் ஹைனின் ‘ஹவ் கிரேட் தவ் ஆர்ட்’ பாடலின் மெட்டு சுவீடனின் நாட்டுப்புற மெட்டே என்றாலும், அவருடைய வரிகளுக்கும் அமைப்புக்கும் இங்கே 2049 முடியும்வரை உரிமை உண்டு. மெய்யான மதச் சடங்கில் வாசிப்பதற்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால், பாகங்களை அச்சிட்டு விநியோகிப்பதற்கு அந்த விலக்கு துணைவராது.

அச்சுப் புத்தகமா, பிடிஎஃப்-ஆ என்றால், ஆண்டு முழுவதும் பாடப்படும் ராகங்களை மட்டும் ஸ்பைரல் பைண்டிங் செய்து, மற்றவற்றை மூலக் கோப்போடு இலவச பிடிஎஃப்-ஆகத் தருவதே மேல். மூலக் கோப்பு கையில் இருந்தால் மைசூரிலுள்ள ஒரு சபை தன் வசதிக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். தாளை ஏ4 அளவில், ஐந்து கோடுகளின் உயரம் 7 மி.மீ.க்குக் குறையாமல், ஒரு ராகம் ஒரே பக்கத்தில் முடியும்படி அமைக்க வேண்டும். அடியில் ராகத்தின் பெயர், அமைத்தவர், பயன்படுத்தும் அனுமதி ஆகியவற்றோடு திருத்திய தேதியும் அச்சாக வேண்டும். தேதியில்லாத பழைய ஜெராக்ஸும் புதிய தாளும் ஒரே ஸ்டாண்டில் கலந்துவிட்டால், எந்த பாகத்தில் பிழை என்று ஒத்திகையில் கண்டுபிடிக்க முடியாது.